இடப்பக்கம் சாயும் முடிச்சுகள்

ஏட்டி, ஒனக்கு எடக்கையா, என்று பேச்சித்தாய் ஏட்டம்மா கேட்டபோது கறுப்பு ஒயர் என் விரல்களுக்கு நடுவே பாதி முடிச்சில் நின்றது, நான் தலையைக்கூட ஆட்டவில்லை, போலீஸ்காரி என்பதால் இல்லை, யாருக்குமே என்னால் வாய் திறந்து பதில் சொல்ல முடிந்ததில்லை, பள்ளியில் பெயர் கூப்பிட்டால் எழுந்து நின்றுதான் காட்டுவேன், ஆலையை எதிர்த்ததற்காக அப்பாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன அதே வாரத்தில் அந்தப் பள்ளியும் நின்றுபோயிற்று, பத்தாம் வகுப்புக் கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில்தான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறேன், அம்மாவுக்கும் தெரியாமல். ஏட்டம்மா என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, எங்கள் தெருவைக் காவல் காக்கப் பூவரச மரத்தடியில் போட்டிருந்த நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு, குடு பாப்போம், என்று கூடையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், எல்லாருக்கும் முடிச்சு சோத்துக்கைப் பக்கம் சாயும், ஒனக்கு இந்தாப் பக்கம் சாயுது, ஆனா என்ன இறுக்கம் தாயி, தண்ணி ஊத்தினாலும் ஒழுகாது போலிருக்கே, என்கிறாள், அவளும் லீவு நாளில் வீட்டில் ஒயர் கூடை பின்னுகிறவளாம், ஆசைக்கு இரண்டு வரிசை பின்னியும் கொடுத்தாள், அன்றைக்கு வெயில் இல்லை, அல்லது வெயில் இருந்தும் நான் மறந்துவிட்டேன்.

கறுப்பு ஒயர் ஏன் என்று அவள் கேட்கவில்லை, கேட்க வேண்டியதில்லை, கட்டி முடியும் முன்பே கடலில் கழிவு விடத் தொடங்கியிருந்த ஆலைக்கு எதிராகக் கறுப்புக் கொடி பிடிக்கக் கூடாது, தட்டி வைக்கக் கூடாது, ஐந்து பேர் சேர்ந்து நிற்கக் கூடாது என்று உத்தரவு ஒட்டியிருந்தார்கள், அதைப் பக்கத்துவீட்டுப் பிரகாசி அத்தை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, கூடையைப் பத்தி ஒண்ணும் போடலியே, என்றாள், அப்படித்தான் ஆரம்பித்தது, வியாழக்கிழமைதோறும் நாலு நாலு பெண்களாகக் கறுப்புக் கூடையைக் கையில் தொங்கவிட்டு ஆலை வாசல் வழியாகச் சந்தைக்கு நடப்பார்கள், கோஷம் கிடையாது, எங்க போறிய, என்று போலீஸ் கேட்டால், மீன் வாங்க, என்பார்கள், மீன்காரிக்கே மீனா, என்றால், எங்க கடல்ல கெடந்தாத்தான சார், என்று சொல்லிவிட்டு அதே நடையில் போவார்கள். பதினோரு மாதம் நடந்தார்கள். அப்பாவோடு சேர்த்துப் பிடித்த பதினேழு ஆண்கள் சிறையிலேயே இருந்தார்கள், அப்பாவின் ஜாமீன் மனு நான்கு முறை தள்ளுபடியானது, ஆலையின் புகைபோக்கி மட்டும் உயர்ந்துகொண்டே போயிற்று, அம்மா ஒயரை அளந்து வெட்டும்போது, இதுக்கெல்லாம் என்னத்த ஆவப்போவுது, என்பாள், சொல்லிக்கொண்டே அடுத்த கூடைக்கு வெட்டுவாள், எங்கள் விரல் நுனிகளில் தோல் உரிந்து, சோறு பிசைந்தால் எரியும், தூக்கத்திலும் நான் பின்னிக்கொண்டிருப்பேன், கடலே கறுப்பு ஒயராகி மடங்கி மடங்கி வரும், நான் ஒவ்வோர் அலையாக முடிச்சுப் போடுவேன், அப்பா அந்தப் பக்கம் நின்று, இறுக்காத மக்கா, நான் வெளியே வரணும்லா, என்பார்.

ஆலையின் திறப்பு விழாவுக்கு அமைச்சர் வந்த அன்று, விடிந்தும் விடியாமலும் இருக்கும்போது, கரையில் செத்து ஒதுங்கிக் கிடந்த மீன்களை அள்ளி, நான் பின்னிய கூடையில் போட்டு, ஆலை வாசல் கம்பியில் தொங்கவிட்டு வந்தது நான்தான், துணிச்சல் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, எனக்குப் பேசத் தெரியாது, அவ்வளவுதான், வெயில் ஏற ஏற அந்த நாற்றம் விழாப் பந்தல் முழுக்கப் போனதாம், அமைச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு காரில் ஏறினாராம், பிரகாசி அத்தை அதை நடித்துக் காட்டியபோது அம்மா பதினோரு மாதத்துக்குப் பிறகு சிரித்தாள், நான் சமையலறையில் நின்று அந்தச் சிரிப்பைக் கேட்டேன். மறுநாள் உச்சிப்பொழுதில் பேச்சித்தாய் ஏட்டம்மா தண்ணீர் கேட்பதுபோல் எங்கள் வாசலுக்கு வந்தாள், செம்பைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்கவில்லை, ஸ்டேஷன் மேசையில அந்தக் கூடையப் பாத்ததும், அட, இது எடக்கை முடிச்சுல்லா, ன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன் தாயி, இன்ஸ்பெக்டர் பிடிச்சுக்கிட்டாரு, சாயங்காலம் வந்து எல்லாரையும் முன்னால ஒக்கார வச்சுப் பின்னச் சொல்லுவாரு, என் வாய்க்கு ஒரு முடிச்சு போட்டிருக்கணும், என்றாள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள், நானும் ஜெயிலுக்குள்ளே போனால் குடும்பமே சதி செய்தது என்று எழுதுவார்கள், அப்பாவின் ஜாமீன் அத்தோடு முடிந்தது, அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழாயடிக்குப் போனாள், நான் கதவைச் சாத்திக்கொண்டு வலக்கையால் முடிச்சுப் போடப் பழகினேன், ஒயர் வழுக்கிற்று, வலக்கை வேறு யாருடைய கையோபோல் இருந்தது.

சாயங்காலம் வேதக்கோயில் சிலுவைக்கு முன்னால் மணலில் எங்களை உட்கார வைத்தார்கள், இருபத்தாறு பேர், நான் கடைசியில் உட்கார்ந்து, தலை நிமிராமல், வலக்கையால், அடிவரிசையைத் தட்டுத் தடுமாறி முடித்தேன், அப்போதுதான் இன்ஸ்பெக்டரின் குரல் கேட்டது, என்னம்மா இது, ஊருக்கே பீச்சாங்கையா, நிமிர்ந்து பார்த்தேன், முப்பது வருடமாக வலக்கையால் பின்னியவர்கள், எல்லோரும் இடக்கையால் பின்னிக்கொண்டிருக்கிறார்கள், பிரகாசி அத்தையின் ஒயர் நுனி அவள் மூக்கிலேயே குத்துகிறது, அம்மா ஒரே முடிச்சைப் போட்டுப் போட்டு அவிழ்க்கிறாள், என்னிடம் யாரும் சொல்லவில்லை, குழாயடியில் பேசி முடித்திருக்கிறார்கள், வலக்கையால் பின்னுகிறவள் நான் ஒருத்திதான். ஆலைத் தண்ணி சார், அதக் குடிச்சா எந்தக் கை எதுன்னு தெரிய மாட்டேங்கு, என்கிறாள் பிரகாசி அத்தை, யாரோ மூக்கால் சிரித்து அடக்குகிறார்கள், இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை, அவர் என்னைப் பார்த்துவிட்டார், அந்தா, அந்தப் புள்ள ஒண்ணுதான் யோக்கியமாப் பின்னுது, என்று சொல்லிக்கொண்டே வந்து என் முன்னால் குந்தினார், பயப்படாத பாப்பா, இதுல நெசமாவே எடக்கை யாருக்குன்னு மட்டும் காட்டு, நீ வீட்டுக்குப் போயிரலாம். யாரும் என்னைப் பார்க்கவில்லை, அம்மாகூடப் பார்க்கவில்லை, எல்லோரும் தங்கள் கோணல் முடிச்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒரு விரல் நீட்டினால் போதும், எனக்கு அப்போது பயத்தைவிடக் களைப்புதான் அதிகமாக இருந்தது, ஒயரை இடக்கைக்கு மாற்றினேன்.

தடுமாறுவதுபோல் நடிக்கத்தான் நினைத்தேன், கை கேட்கவில்லை, ஒரு முடிச்சு, அடுத்தது, அதற்கடுத்தது, அத்தனை பேர் கைகளும் திணறும்போது என் கை மட்டும் ஓடுகிறது, இன்ஸ்பெக்டர் மெல்ல எழுந்தார், பேச்சித்தாய், இங்க வாங்க, நீங்கதான சொன்னீங்க, பாத்துச் சொல்லுங்க, அந்த முடிச்சு இதானா. ஏட்டம்மா வந்து மணலில் முழங்கால் ஊன்றினாள், கூடையை வாங்கிக் கட்டைவிரலால் தடவினாள், கீழே வலப்பக்கம் சாய்ந்த என் பொய் வரிசை, மேலே இடப்பக்கம் சாய்ந்து இறுகிய வரிசை, தொப்பிக்குக் கீழிருந்து வியர்வை அவள் காதோரம் இறங்குகிறது, சொல்லுங்கம்மா, என்கிறார் இன்ஸ்பெக்டர், இன்னும் சத்தமாக, சொல்லுங்க, ரிப்போர்ட்டுல எழுதணும். அம்மாவின் கை நின்றுவிட்டது, எல்லோர் கைகளும் நின்றுவிட்டன, ஏட்டம்மா கூடையை என் மடியில் வைத்தாள், எழுந்தாள், முழங்கால் மணலைத் தட்டிவிட்டாள், பேச்சித்தாய், பேச்சித்தாய், என்று இன்ஸ்பெக்டர் கூப்பிடக் கூப்பிட, நிறுத்தியிருந்த ஜீப்பைத் தாண்டி, தார்ச்சாலையைப் பிடித்து, பஸ் நிற்கும் பக்கமாக நடந்து போய்க்கொண்டிருந்தாள்.