நீர்க்கட்டு

"ஒண்ணுக்குப் போறதுல ஏதும் செரமம் இருக்கா மாமா?"

மலேசியாவில் பீடோரைத் தாண்டிய அந்த ரப்பர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில், பெஞ்சு நிறைய ஆள் உட்கார்ந்திருக்கும்போது, சளிக்கு மருந்து வாங்க வந்த சன்னாசியிடம் நர்ஸ் எல்ஸி இப்படிக் கேட்டாள். எழுபத்தாறாம் வருஷம் புதிதாக வேலைக்கு வந்தவள். பால் கொட்டாய் ஆம்புரோஸின் மகள்; அவர் தோளில் தூக்கி வைத்துத் திரிந்த பிள்ளை. பக்கத்தில் அவருடைய சம்பந்தி கருப்பம்மாள் இருமிக்கொண்டிருந்தாள். சிலிம் ரிவரிலிருந்து மகளைப் பார்க்க வந்த இடத்தில் அவளுக்கும் சளி.

"எனக்கென்னலா? மொத வெட்டுப் பால் மாதிரி ஓடுது" என்றார் சன்னாசி. பெஞ்சு முழுக்கச் சிரித்தது. கருப்பம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எல்ஸி சிரிக்கவில்லை. "வெளாட்டு இல்ல மாமா. இந்த மாத்திர மூக்கொழுகறத நிறுத்தும், தூக்கமும் வரும். ஆனா மூத்திரம் சொட்டுச் சொட்டா வர்ற வயசாளிங்களுக்கு ஒரேயடியா அடைச்சிரும். அப்படி இருந்தா சொல்லுங்க, வேற தாரேன்."

ஒரு வருஷமாகவே அவருக்குச் சொட்டுத்தான். ரப்பர் பால் வெட்டும் நிரையில் மரத்துக்கு மரம் மறைவு தேடி நின்று, முக்கி, பாதியில் விட்டு வருவார். அதைச் சம்பந்தி முன்னால் எந்த வாயால் சொல்வது? கையை நீட்டி மாத்திரைகளை வாங்கிக்கொண்டார்.

இரவும் போட்டார், காலையிலும் போட்டார். மூக்கொழுகல் நின்றது. மற்றதும் நின்றது.

சளிக்காரருக்கு வீடு முழுக்க உபசாரம். மருமகள் இருளாயி இஞ்சித் தண்ணி கொடுத்தாள். உடம்பு சுடுகிறதென்று கருப்பம்மாள் பார்லி காய்ச்சினாள். "குடிங்க சம்பந்தி, சூடு எறங்கும்." வேண்டாமென்றால் ஏனென்று கேட்பார்கள். கொடுத்ததையெல்லாம் குடித்தார். மத்தியானத்துக்குள் கைலி முடிச்சைத் தளர்த்த வேண்டியிருந்தது. அடிவயிறு கல்லாக இறுகி, விரல் பட்டாலே நெற்றியில் வியர்த்தது. வாயு என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

சாயங்காலம் லயத்து வீடுகள் பக்கம் வந்த எல்ஸி, சைக்கிளைச் சாத்திவிட்டு வாசலில் நின்றாள். "இன்னிக்குப் போனீங்களா மாமா?"

அடுப்படியிலிருந்து இருளாயி எட்டிப் பார்த்தாள். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த கருப்பம்மாளின் கை நின்றது.

"போனேன்லா."

"மொகம் வெளுத்திருக்கே. படுங்க, வயித்தத் தொட்டுப் பாக்குறேன்."

"நான் என்ன கைப்பிள்ளயா? மழ வருது, வெள்ளன வீடு போய்ச் சேரு."

அவள் வானத்தைப் பார்த்தாள். "முடியலன்னா உடனே ஆளனுப்புங்க. பாலம் முங்கிருச்சுன்னா தாப்பா ஆஸ்பத்திரிக்கு லோரி போகாது."

அவள் படியிறங்கியதும் சன்னாசி சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்பக்கத்து ஜாம்பான் கக்கூஸுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டார். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் ஓடி, ஓரத்தில் கயிறு கயிறாக இறங்கி, சாக்கடையில் நுரைத்துக்கொண்டு போனது. அத்தனை தண்ணீருக்கு நடுவே கைலியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். கண்ணில்தான் நீர் வந்தது.

கதவை நீக்கி "எல்ஸி" என்று கூப்பிட்டார். தகரச் சத்தம் அந்தக் குரலைத் தின்றது. மறுபடி கூப்பிட்டார், லயம் முழுக்கக் கேட்டாலும் கேட்கட்டும் என்று. மரங்களுக்கு நடுவே, செம்மண் பாதையில், சைக்கிள் விளக்கு குலுங்கிக் குலுங்கிப் பாலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.