விட்டுக்கொடுத்த பிடி

எனக்கு நல்லவள் என்று ஒரு பெயர் உண்டு. எஸ்டேட் ஆபீசில் பதினான்கு வருஷம் எதற்கும் வாயைத் திறக்காமல் சம்பாதித்த பெயர். போன வருஷம் புதிதாக வந்த ஒருவர், ஹீட்டருக்குப் பக்கத்திலிருந்த என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "உங்களுக்கு ஒண்ணும் சிரமம் இல்லீங்களே?" என்று கேட்டார். "பரவாயில்லீங்க" என்று சொல்லிவிட்டுக் கதவோரம் போய் உட்கார்ந்தேன். ஜூலை முழுக்கக் குன்னூர்க் குளிர் கதவிடுக்கில் வந்து என் காலைக் கடித்தது. அந்தக் கோபத்தில்தான் ஜியு ஜிட்சு வகுப்பில் சேர்ந்தேன். கோபம் அவர் மேல் இல்லை, என் மேல்.

சர்ச் ஹாலில் வாரம் மூன்று நாள், காலை ஆறு மணிக்கு வகுப்பு. சொல்லிக்கொடுக்கும் ஜெஃப்ரி பெங்களூரில் கற்றுக்கொண்டு வந்தவர். இதில் குத்து, உதை கிடையாது. தரையில் உருண்டு, எதிராளியைக் கட்டிப்பிடித்து, கையையோ கழுத்தையோ பூட்ட வேண்டும். மாட்டிக்கொண்டவர் தோற்றதாகக் கையால் தட்டினால் பிடித்தவர் உடனே விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். நான், அப்புறம் கெஸியா. அவளுக்கு இருபத்து மூன்று வயது, பெட்ஃபோர்டு பக்கம் ஒரு பேக்கரியில் வேலை. அப்பா குந்தா பவர் ஹவுஸில் இருக்கிறார். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே எடை. அதனால் எப்போதும் அவளுக்கு நான், எனக்கு அவள்.

"யூனிஸக்கா, அழுத்திப் புடிங்க! ஜெபத்துக்குக் கை கூப்பற மாதிரி இருக்குது" என்று ஜெஃப்ரி கத்துவார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வலி வருவதற்கு முன்பே தட்டிவிடுவேன். யார் மேலாவது முழங்கை பட்டால் "சாரிங்க" என்பேன்.

ஒரே ஒரு பிடி மட்டும் எனக்கு நன்றாக வந்தது. மல்லாந்து படுத்து, எதிராளியின் நெஞ்சின் மேல் இரண்டு காலையும் போட்டு, அவள் கையை என் தொடைகளுக்கு நடுவே நீட்டி இழுக்கிற பிடி. இடுப்பைக் கொஞ்சம் தூக்கினால் போதும், முழங்கை கதறும். முதல் தடவை கெஸியாவைப் பிடித்தபோது அவள் முகம் சுருங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை. அவள் கையைத் திருப்பிக்கொண்டு தலைப்பக்கம் புரண்டாள். நான் முழங்கால்களைத் தளர்த்திவிட்டேன். கை வெளியே வந்தது.

"தப்பிச்சுப்போட்டேங்க்கா!" என்று துள்ளினாள். அந்தச் சந்தோஷம் எனக்குப் பிடித்திருந்தது. அடுத்த தடவையும் தளர்த்தினேன். அதற்கடுத்த தடவையும். வகுப்பில் அதற்கு 'கெஸியா திருப்பு' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவள் பலசாலி ஆனாள், நான் நல்லவள் ஆனேன். இரண்டுமே பொய் என்று எனக்கு மட்டும் தெரியும்.

பிப்ரவரியில் கோயம்புத்தூரில் போட்டி. நான் பெயர் கொடுக்கவில்லை. கெஸியாவின் ஸ்வெட்டரைப் பிடித்துக்கொள்ள அவளோடு போனேன்.

அவளுக்கு வந்த எதிராளி ஈரோட்டுப் பெண். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அதே பிடி விழுந்தது. "தட்டு! தட்டு!" என்று ஜெஃப்ரி கத்தினார். கெஸியா தட்டவில்லை. அவள் முகத்தில் பயமே இல்லை. கையைத் திருப்பினாள், தலைப்பக்கம் புரண்டாள். பிறகு காத்திருந்தாள்.

எதற்காகக் காத்திருக்கிறாள் என்று அந்த அரங்கத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். ஓரத்தில் உட்கார்ந்திருந்த என் முழங்கால்கள் தாமாக விரிந்தன. ஈரோட்டுப் பெண்ணின் முழங்கால்கள் விரியவில்லை. அவளுக்கென்ன, அவள் முறையாக விளையாடினாள். சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

எலும்பு முறியவில்லை, தசைநார்தான் கிழிந்திருக்கிறது என்றார்கள். இடது கையில் கட்டு, மூன்று மாதம் ஓய்வு. பேக்கரியில் மாவு பிசைய முடியாதென்று பில் போட உட்காரவைத்தார்கள். நான் வாரம் இரண்டு நாள் குழம்பு வைத்துக் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரிக்கும் அவளோடு போனேன். "விட்டுக்கொடுத்தவங்க கெட்டுப்போறதில்ல" என்று எங்கள் வீட்டில் அடிக்கடி சொல்வார்கள். உண்மைதான். நான் கெட்டுப்போகவில்லை. இன்னொருத்தியின் கைதான் கெட்டுப்போனது.

"எங்க தப்புப் பண்ணுனேன்னே தெரியலீங்க்கா. திருப்புனது சரியாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மூன்று தடவை சொல்ல வாயெடுத்தேன். மூன்று தடவையும் "குழம்புல உப்பு சரியா இருக்குதா?" என்றுதான் கேட்டேன். வகுப்பில் ஜெஃப்ரி எல்லார் முன்னாலும், "யூனிஸக்கா மாதிரி ஒரு ஜோடி கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கோணும்" என்று சொன்னபோது, கைதட்டினார்கள். பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அழுகை வரவில்லை. என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கவும் முடியவில்லை.

ஜூனில் கெஸியா திரும்பி வந்தாள். முதல் நாளே என் முன்னால் மல்லாந்து படுத்து, வலது கையை நீட்டினாள்.

"அதே பிடியப் போடுங்க்கா. எங்க தப்புன்னு இன்னைக்குப் பாத்துப்போடலாம்."

போட்டேன். திருப்பினாள், புரண்டாள். என் முழங்கால்கள் பழக்க தோஷத்தில் விரியப் பார்த்தன. பல்லைக் கடித்து இறுக்கினேன். மறுபடியும் புரண்டாள். நான் விடவில்லை. தட்டினாள். விட்டேன்.

எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். "முன்னெல்லாம் தொறந்துச்சுங்களே?"

"நான்தான் தொறந்துவிட்டேன்."

"எத்தன தடவ?"

"எல்லாத் தடவையும்."

அவள் இடது முழங்கையைத் தடவிக்கொண்டாள்.

"அதுக்குத்தான் கொழம்பு கொண்டாந்தீங்களா?"

ஆமென்று தலையை ஆட்டினேன். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவள் திரும்பவும் படுத்து வலது கையை நீட்டினாள்.

"புடிங்க."

பிடித்தேன். என் வாழ்நாளில் எதையும் அப்படி இறுக்கிப் பிடித்ததில்லை. திருப்பினாள், முடியவில்லை. புரண்டாள், முடியவில்லை. கோபத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. திடீரென்று இடுப்பை உயர்த்தி, பாதங்களால் தரையில் நடந்து, தோளை என் தொடைக்கு அடியில் குத்தினாள். என் கால் வழுக்கியது. முழு பலத்தையும் போட்டு இழுத்தேன். கை உருவிக்கொண்டு போய்விட்டது. அடுத்த நொடி அவள் என் மேலே இருந்தாள்.

ஒரு வருஷத்தில் அவள் நிஜமாகத் தப்பித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அவளைவிடச் சந்தோஷம். "கெஸியா! பண்ணிட்டே!" என்றேன்.

அவள் துள்ளவில்லை. மேலேயிருந்து என் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"இப்பவும் விட்டுத்தானே குடுத்தீங்க?"

"இல்ல கெஸியா. சத்தியமா இல்ல."

"செரிங்க்கா" என்று சொல்லி எழுந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டாள். அவள் நம்பவில்லை.