எலுமிச்சம்பழம் இல்லாமல் இறங்கிய நாள்

எமர்ஜென்சி முடிந்த வருடம். போடிமெட்டு வளைவுகளில் எஸ்டேட் ஜீப்பை இறக்கவே எனக்கு நடுக்கம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்காமல் கிளம்ப மாட்டேன்.

எங்கள் எஸ்டேட் டாக்டர் பஞ்சாபகேசன் பாலக்காட்டுக்காரர். நினைப்பைத் திருத்தினால் பயம் தீரும் என்கிற புது வைத்தியம் படித்தவர்.

"பயம் வரதுக்கு முன்னாடி மனசுல என்ன தோணறது?"

"பழம் வைக்கலைன்னா வண்டி உருண்டுரும்னு தோணுது சார்."

"அது வெறும் நெனப்பு. நெஜமான்னு சோதிச்சுப் பாத்துடலாம். நாளைக்குப் பழம் வேண்டாம், நானும் வரேன்."

மறுநாள் ஒரே மூடுபனி. ஒவ்வொரு வளைவிலும் செத்துப் பிழைத்தேன். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு, "வெறும் நெனப்பு, வெறும் நெனப்பு" என்று முணுமுணுத்தார்.

அடிவாரத்தில் ஜீப்பை நிறுத்தியதும் எலுமிச்சை வாசம் அடித்தது. டாக்டரின் இறுகிய கைக்குள்ளிருந்து சாறு சொட்டிக்கொண்டிருந்தது.