பங்களாக் குழி

பனி விலகாத விடியலில் நல்லமுத்து அலவாங்கைக் கொடுத்துக் கொங்கிறீட் மூடியை நெம்பினான். மூடி நகர்ந்ததும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. தேயிலைத் தோட்டத்து மேலாளரான துரை, பங்களாவை உல்லாசப் பயணிகள் விடுதியாக்கியபோது வெட்டிய குழி. கக்கூஸ் தண்ணீர் இதில் சேரும். அடியில் கிடக்கும் பம்ப் அதை மேட்டுக்குத் தள்ளும். நேற்று பம்ப் நின்றுவிட்டது. அதைத் தூக்குகிற கயிறும் இற்று அறுந்துவிட்டது. புதுக் கயிறு கேட்டுக் கேட்டு எங்கள் வாய் வலித்ததுதான் மிச்சம்.

துரை மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். "எறங்கி எடு. பகலுக்கு கெஸ்ட் வாறாங்க."

"போன மாசம் எங்க மச்சான் இராமையா இந்தக் குழியில எறங்கித்தானுங்க வெஷக் காத்துல மயங்கி விழுந்தாரு. இன்னும் படுக்கையில கெடக்காரு. பவுசர் வண்டிய கூப்பிட்டு மொதல்ல கழிவ இழுக்கச் சொல்லுங்க தொர."

"ஹட்டன்ல இருந்து பவுசர் வர நாளைக்காகும். ஏலாட்டி காம்பராவ விட்டுட்டுப் போ. பங்களா வேலைக்காரனுக்குத்தான் அது."

இந்த ஒரு பேச்சில்தான் எங்களைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள், பாவிகள். நாலு தலைமுறையாகப் பிறந்து செத்த லயத்து ஒற்றை அறை வீடு இந்தக் காம்பரா, எழுத்தில் எவனுக்கும் சொந்தமில்லை. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நல்லமுத்து எங்கே போவான்? சட்டையைக் கழற்றினான்.

காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போகிற வழியில் நின்ற எங்களில் அவன் மனைவி நிஷாந்தியும் இருந்தாள். விறுவிறுவென்று போய்த் தன் கொழுந்துக் கூடையைக் குழியின் வாய்க்குக் குறுக்கே வைத்தாள்.

"தொர, தோட்டத்துல ஒரு சாவு விழுந்தா நாங்க மலைக்குக் கொழுந்தெடுக்கப் போறமாங்க?"

"அது ஒங்க வழக்கம். நான் தடுத்ததில்லயே."

"அந்தத் துக்க நாள இன்னைக்கே எடுத்துக்கிறோங்க. செத்தப்பறம் வேலய நிப்பாட்டி என்ன புண்ணியம்?"

"இன்னைக்குப் பேர் இல்ல, சம்பளமும் இல்ல. காம்பராவும் இல்ல," என்றார் துரை.

காளியாயி அக்கா தன் கூடையையும் பக்கத்தில் வைத்தாள். பிறகு நாங்கள் எல்லோரும் வைத்தோம். சாவு வீட்டில் உட்காருகிற மாதிரியே, குழியை விட்டுக் கொஞ்சம் தள்ளி ஈரப் புல்லில் உட்கார்ந்தோம். துரை தொலைபேசியோடு உள்ளே போனார். பொலிசைக் கூப்பிட்டாரோ பவுசரைக் கூப்பிட்டாரோ, தெரியவில்லை.

மலையில் ஆள் இல்லாததைப் பார்த்துத் தோட்டத்தின் கீழ் டிவிசன் பெண்கள் பதறிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"யாருடி செத்தது?"

"யாரும் சாகல," என்றாள் நிஷாந்தி. "ஒக்காருங்க."

உட்கார்ந்தார்கள்.