கால்சட்டைக் கோயிலின் பெரிய மணி

அருளப்பனூர் மாதா கோயிலை மேலிருந்து பார்த்தால், துவைத்து விரித்துப் போட்ட கால்சட்டை மாதிரி இருக்கும். இடுப்பில் பீடம். அங்கிருந்து சாய்வாகப் பிரியும் இரண்டு நீள மண்டபங்கள்தான் கால்கள். வடக்கு மண்டபம் ஊர்க்காரர்களுக்கு, தெற்கு மண்டபம் காலனிக்காரர்களான எங்களுக்கு. பீடத்தில் நிற்கும் சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும். ஒரு காலில் இருப்பவருக்கு மறு காலில் இருப்பவர் தெரியமாட்டார்.

புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு பிரெஞ்சுச் சாமியார் கட்டியது. ஒரே பூசையில் எல்லாரையும் சேர்க்க வேண்டும், சேர்ந்தது யார் கண்ணிலும் படக்கூடாது. இந்தக் கணக்கைச் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் அவர் போட்டு முடித்த விதம் அபாரமானது. அதை எதற்காகப் போட்டார் என்பது வேறு விஷயம். நான் வடக்கனந்தல் பக்கம் அறிவியல் வாத்தியாராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவேன். மணிக்கூண்டு இரண்டு கால்களும் சேரும் இடத்தில் நிற்கிறது, அதன் எடை இரண்டு பக்கச் சுவர்களுக்கும் பாதிப் பாதியாக இறங்குகிறது, ஒரு பக்கத்தை எடுத்தால் மறுபக்கமும் நிற்காது என்று விளக்கும்போது, ஊர்க்காரர் யாராவது அருகில் இருந்தால் தொண்டையைச் செருமுவார்.

கூண்டில் இரண்டு மணிகள். பெரிய மணியின் கயிறு கூரைத் துளை வழியாக வடக்கு மண்டபத்தில் இறங்குகிறது, சின்ன மணியின் கயிறு தெற்கில். ஊரில் சாவு என்றால் பெரிய மணி, காலனியில் சாவு என்றால் சின்ன மணி. சின்ன மணியின் சத்தம் காலனி எல்லையைத் தாண்டாது.

போன ஆவணியில் ராணியம்மாள் இறந்துபோனாள். கோயிலைக் கூட்டிப் பெருக்கியவள், கூரையில் முளைக்கும் அரசங்கன்றுகளைப் பிடுங்கியவள், மணிகளின் மேல் படியும் புறா எச்சத்தைத் தேய்த்துக் கழுவியவள். அவள் மகள் ஜீவா கள்ளக்குறிச்சியில் ஜவுளிக்கடையில் வேலை செய்கிறாள். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு எழுந்து என்னையும் கூட்டிக்கொண்டு கோயில் கமிட்டித் தலைவர் தங்கதுரையிடம் போனாள். அம்மாவுக்குப் பெரிய மணி அடிக்க வேண்டும் என்றாள்.

தங்கதுரை கோபப்படவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. அரசாங்கம் இதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று அறிவித்துவிட்டது, ஒரு ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும், கயிறும் வழக்கமும் இருந்தபடியேதான் இருக்கணும் என்றார். அடுத்துப் பங்குச்சாமியாரிடம் போனோம், அவர் ஆயர் இல்லத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அடக்கம் சாயங்காலம். பதில் அதற்குள் வராது என்பது அவருக்கும் தெரியும்.

வெளியே வந்ததும் ஜீவா கேட்டாள்: "அண்ணே, கயிறு இல்லாம அந்த மணிய அடிக்க முடியாதா?"

எனக்கு இதுபோன்ற கேள்வி கிடைத்தால் போதும். வேப்பமர நிழலில் நின்றபடியே விளக்கினேன். பெரிய மணி ஒரு மரச்சக்கரத்தோடு பிணைந்து தொங்குகிறது. கயிற்றை இழுத்தால் சக்கரம் திரும்பும், மணி சாயும், உள்ளே இருக்கும் நாக்கு பின்தங்கி வந்து மோதும். திருவிழாவுக்கு அப்படித்தான், மணியே ஆட வேண்டும். துக்க மணி வேறு. ஒரு அடி, அது முழுசாக அடங்கும்வரை காத்திருப்பு, பிறகு அடுத்த அடி. அதற்கு மணி ஆடவே கூடாது. கயிற்றில் அதைக் கொண்டுவருவது கஷ்டம். மேலே நின்று நாக்கை மட்டும் இழுத்து விட்டால் சுலபம்.

"அப்போ செத்தவங்களுக்குக் கயிறே தேவையில்ல."

"தேவையில்ல."

"மேல போற படி?"

படி தெற்கு மண்டபத்தில் இருக்கிறது. கூரை ஏறிச் சுத்தம் செய்வது எங்கள் வேலை என்பதால் கட்டும்போதே அங்கே வைத்துவிட்டார்கள். படிக்கதவின் சாவியைத்தான் ராணியம்மாள் இடுப்பில் சொருகியிருப்பாள். ஜீவா வீட்டுக்குப் போய்ச் சாவியை எடுத்தாள், கொட்டகையிலிருந்து ஒரு மாட்டுத் தும்பையும் அவிழ்த்துக்கொண்டாள்.

பெட்டி எடுக்கக் கொஞ்சம் முன்னால், நல்ல வெயிலில் ஏறினோம். தும்பை நாக்கில் கட்டி, மணி ஆடாமல் இருக்கச் சக்கரத்தை நான் பிடித்துக்கொண்டேன். ஜீவா நாக்கைப் பின்னால் இழுத்து விட்டாள்.

அந்தச் சத்தம் காதில் அல்ல, வயிற்றில் விழுந்தது. கரும்புத் தோட்டங்களைத் தாண்டி மலைப்பக்கம் போய் அடங்கியது. அடுத்ததை அடித்தாள்.

அப்போதுதான் கீழே பார்த்தேன். ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. துக்கத்துக்குப் பெரிய மணி கேட்டால் நின்ற இடத்தில் செருப்பைக் கழற்றி, சிலுவை போட்டு, போனவரின் நித்திய இளைப்பாற்றிக்காக வேண்டிக்கொள்வார்கள். யார் போனது என்று கேட்பது அதற்கப்புறம்தான். முன்னால் கேட்பது செத்தவருக்கு மரியாதைக் குறைவு. மரவள்ளி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் லாரியை விட்டு இறங்கி நின்றார்கள். டீக்கடை பெஞ்சு மொத்தமும் எழுந்தது. வாசலில் பாத்திரம் துலக்கிய பெண்கள் ஈரக்கையோடு சிலுவை போட்டார்கள். ஊரே ராணியம்மாளுக்காக நின்று வேண்டிக்கொண்டிருந்தது, அவளுக்கு என்று தெரியாமல்.

யாருக்கு என்று தெரிந்ததும் கூட்டமாக வந்தார்கள். தங்கதுரை படியின் அடியில் வந்து நின்றார், மேலே ஏறவில்லை. அந்தப் படியில் அவர் ஏறியதே இல்லை.

"இன்னா வாத்தியாரே, நீயுமா? கீழ எறங்குங்க. இலாகாவுக்குப் புகார் எழுதறேன்."

எழுதுங்க, ஆணி ஒண்ணும் அடிக்கல என்றேன். கூட்டத்தில் யாரோ சிரித்து அடக்கிக்கொண்டார்.

ஜீவா சின்ன மணிக் கயிறு இறங்கும் துளை வழியே குனிந்து பார்த்தாள். "நீங்க வேண்டிக்கினீங்களா?"

தங்கதுரை குனிந்து தன் கால்களைப் பார்த்தார். அவர் செருப்பு இல்லாமல்தான் நின்றார்.

"அது எங்கம்மாவுக்குப் போயிடுச்சு. இனிமே திருப்பி வாங்க முடியாது."

"எப்பதான் நிறுத்துவே?"

"உங்க வூட்டுச் சாவுக்கு எப்ப நிறுத்துவீங்களோ, அப்போ."

ஊர் வழக்கப்படி, பெட்டி பீடத்தின் முன்னால் வந்து இறங்கும்வரை மணி நிற்கக்கூடாது. காலனியிலிருந்து பெட்டியை அப்போதுதான் தூக்கியிருந்தார்கள். கரும்புக்கு மேலே சிலுவையின் நுனி மட்டும் தெரிந்தது. ஜீவாவின் உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. தும்பைத் தா என்று கேட்டேன். தரமாட்டேன் என்று தலையாட்டிவிட்டு, முந்தைய சத்தம் முழுசாக அடங்கட்டும் என்று காத்திருந்து, மறுபடியும் இழுத்தாள்.