எலும்பில்லாத கோழி

எங்கள் அரபு முதலாளி, அர்பாப், ஐந்து மாதப் பயணமாக லண்டனுக்குக் கிளம்பியபோது தன் குட்டி மலைப்பாம்பை என்னிடம் ஒப்படைத்தார். பாம்பு வளர்க்கத் தெரியுமா என்று இந்தியில் கேட்டார். "எங்கள் குலதெய்வமே நாகம். எனக்கா தெரியாது?" என்றேன். வில்லாவில் வேலை செய்யும் அத்தனை பேருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

வாரம் ஒரு எலி கொடுக்கச் சொல்லி, ஃப்ரீசரில் பெட்டி நிறைய வைத்துவிட்டுப் போனார். நாகருக்குப் பாலும் முட்டையும் வைத்து வணங்கிய குடும்பம் எங்களுடையது. செத்த எலியை எப்படி வைப்பேன்? பெட்டியைத் தூக்கி எறிந்தேன். கோழி நெஞ்சுக்கறி வாங்கி, தொண்டையில் குத்தாமலிருக்க எலும்பை ஒன்றுவிடாமல் எடுத்து, மூன்று தண்ணீரில் கழுவிக் கொடுத்தேன். பத்து நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு பசி தாளாமல் விழுங்கியது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

இப்போது அதற்குத் தலை நிற்கவில்லை. முதுகு இரண்டு இடத்தில் கோணிவிட்டது. நாகத்தைக் கொன்ற குடும்பத்தில் பிள்ளை தங்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஊரில் என் மகள் பானுமதிக்கு ஏழாம் மாதம்.

டிரைவர் மீராசாதான் ராஸ் அல் கைமாவிலிருந்து ஷார்ஜாவிலுள்ள கால்நடை மருத்துவமனைக்கு வண்டியை விரட்டினான்.

"உங்க சாமி கோழி கேட்டுச்சாண்ணே? மசாலா தடவலையே, அதுவரைக்கும் நல்லது."

"ரோட்டைப் பாத்து ஓட்டுறா."

"டாக்டர் கேட்டா எலிதான் போட்டோம்னு சொல்லிருங்க. வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்."

டாக்டர் சிவசங்கரன் பாம்பைத் தடவிப் பார்த்தார். "என்ன சாப்பாடு குடுத்தீங்க, ஐயா?"

"எலி. வாரம் ஒண்ணு."

"முழு எலியா?"

"முழுசா."

"அப்ப சாப்பாட்டுல குறையில்ல. ரத்தத்துல கிருமி ஏறியிருக்கலாம். இந்த ஊசி கொஞ்சம் கடுமை, இந்த உடம்பு தாங்குமான்னு தெரியல. வேற வழியுமில்ல."

மருந்தை உறிஞ்சி எடுத்தார். மீராசா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். ஊசி முனை செதில் அருகே வந்தது.

"நிறுத்துங்க!" என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "எலி குடுக்கல. நான் பொய் சொன்னேன். கோழிக்கறி. எலும்பை எல்லாம் எடுத்துட்டுக் குடுத்தேன்."

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். "எத்தனை நாளா?"

"அஞ்சு மாசமா."

"எலும்பு, ஈரல், குடல், ரோமம் எல்லாம் சேந்ததுதான்யா அதுக்குச் சாப்பாடு. வளர்ற உடம்புக்கு வெறும் சதையைப் போட்டுருக்கீங்க. அது எலும்பெல்லாம் கரைஞ்சு கிடக்கு."

"பொழைக்குமா?"

அவர் சுண்ணாம்புச் சத்து மருந்தை எடுத்துக்கொண்டு, வாயைத் திறந்து பிடிக்கச் சொன்னார். நீரில் ஊறிய காகித அட்டையைப் போல அதன் தாடை என் விரலுக்கு வளைந்தது. அழுத்தவும் பயம், விடவும் பயம். முதல் சொட்டு வாயோரம் வழிந்தது. இரண்டாவதும் வழிந்தது.

"இன்னொண்ணு விடுங்க டாக்டர்," என்றேன். "அது முழுங்குற வரைக்கும் விடுங்க."