உலராத கூந்தல்

இதனை வாசிக்கும் பெரியோர்கள் முதற்கண் என்னைப் பொறுத்தருள வேண்டும். பள்ளி இறுதி வகுப்பில் எழுதிய வியாசங்களுக்குப் பிறகு நான் எதையும் எழுதத் துணிந்தவள் அல்லள். பிழை இருப்பின் அது என் குறையே அன்றி, எனக்குக் கற்பித்தவர்களின் குறை அன்று.

நான் ஸ்ரீவராகம் அக்கிரகாரத்திற்கு மருமகளாக வந்தபோதே ஓர் எண்ணத்தையும் உடன் கொண்டுவந்தேன். சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் எனக்கென்று ஒரு நாற்காலியில் அமர்ந்து வேலை பார்க்க வேண்டும் என்பதே அது. வீட்டில் குறை ஒன்றும் இல்லை. என் கணவர் சேஷன் கோயிலில் உத்தியோகம் பார்த்தார். என்னை ஒரு சொல் கடிந்தவர் அல்லர். ஆயினும், பள்ளியில் பரிசு வாங்கிய கை தோசைத் திருப்பியோடு நின்றுவிட மறுத்தது. அதற்கு மேல் காரணம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

கிழக்கே கோட்டைக்கு அப்பால் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் வகுப்பு நடந்தது. அதில் சேர அனுமதி கேட்டபோது என் மாமியார் அனந்தலக்ஷ்மி அம்மாள் மறுக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார்.

"போறதுன்னா போய்க்கோ. கண்டவா எல்லாம் தொட்ட மிஷினைத் தொட்டுட்டு வரப்போறே. தலையோட முழுகிட்டுத்தான் அடுக்களைப் படி ஏறணும், கேட்டியா."

முழுகி மடியாக இராமல் சமைத்ததை அவர் தொடமாட்டார். மாலைச் சமையலோ என் பொறுப்பு. என் கூந்தல் முழங்காலைத் தொடும். அதை நாள்தோறும் நனைத்து உலர்த்துவதற்குள் நானே வகுப்பை விட்டுவிடுவேன் என்று அவர் கருதியிருக்கலாம். நான் "சரி அம்மா" என்றேன்.

வெயில் காலத்தில் சிரமம் இல்லை. வகுப்பிலிருந்து நேரே குளத்திற்குச் சென்று முழுகிவிட்டு வீடு திரும்புவேன். குளத்து மீனெல்லாம் இந்நேரம் டைப் அடிக்கக் கற்றிருக்கும் என்று அடுத்த வீட்டு விஜயலக்ஷ்மி கேலி செய்வாள். நானும் சிரிப்பேன்.

வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்ததும் நிலைமை மாறிற்று. மாலையில் நனைந்த கூந்தல் மறுநாள் மாலையிலும் ஈரமாகவே இருந்தது. முடிச்சை அவிழ்த்தால் புழுங்கிய வாடை வீசிற்று. அதைப் பொறுக்காமல் மாமியாரே தணல் மூட்டிச் சாம்பிராணி தூவி, மேலே ஒரு மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மீது என் கூந்தலைப் பரப்பி விசிறலானார். வகுப்பை விட்டுவிடு என்று விசிறியபடியே ஓயாமல் சொல்வார். ஆனால் சிக்கெடுத்த அவ்விரல்கள் ஒரு முறைகூட என்னை வலிக்க இழுத்ததில்லை.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கையில் எனக்கு இருமலும் காய்ச்சலும் கண்டன. தலையில் நீர் இறங்கியிருக்கிறது, இனி ஈரத் தலையோடு இருந்தால் மார்பைப் பிடித்துவிடும் என்றார் வைத்தியர். அப்படியானால் வகுப்பை நிறுத்த வேண்டியதுதான் என்று மாமியார் தீர்ப்பளித்தார். என் கணவரோ தனியே அழைத்து, முழுகியதாகச் சொல்லிவிடும்படி தாழ்ந்த குரலில் யோசனை கூறினார். அவருடைய அன்பை நான் அறிவேன். எனினும் ஒப்புக்கொண்ட நிபந்தனையை மறைவில் மீறி அடையும் நாற்காலியில் என்னால் நிமிர்ந்து உட்கார முடியாது.

வகுப்பையும் விடுவதற்கில்லை, முழுக்கையும் விடுவதற்கில்லை. விடக்கூடியது ஒன்றுதான் இருந்தது.

என்னுடன் டைப் பயின்ற ஞானபாய் தெற்கே பாறசாலைப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். எங்கள் தெருவினருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துப் பிழைப்பவள். அவளிடம் தையல் கத்தரியைக் கொண்டுவரச் சொல்லி, பின்னலைப் பிடரியோடு வெட்டும்படி வேண்டினேன். அவள் கத்தரியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"எக்கா, உங்க தெருவுல பொறவு என்னைக் கால் வைக்க விடுவாவளா?"

"நானே வெட்டினா கோணும். நேரா வெட்டத் தெரிஞ்சவள் நீதானே."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகவே வெட்டினாள்.

அன்று குளத்தில் முழுகி எழுந்தபோது தலை கனக்கவில்லை. துண்டால் இரு முறை துவட்டியதும் ஈரம் போயிற்று. வீட்டில் மாமியார் தணல் மூட்டி, கூடையைக் கவிழ்த்துவைத்துக் காத்திருந்தார். புடவைத் தலைப்பை நான் தலையிலிருந்து எடுத்தேன். எங்கள் தெருவில் கணவனை இழந்தவர்களுக்கே முடி களையும் வழக்கம். அவர் கையிலிருந்த விசிறி தரையில் கிடந்தது.

"எம்பிள்ளை உசிரோட இருக்கான்டி" என்றார்.

"இருக்கார் அம்மா. நூறு வயசு இருப்பார். நான் முழுகியாச்சு. அடுக்களைக்குள்ள வரலாமா?"

அவர் வெகுநேரம் நிலைப்படியை அடைத்து நின்றார். பிறகு ஒதுங்கி வழிவிட்டார். நான் உள்ளே சென்று உலை வைத்தேன். நான் பரிமாறியதை அன்று இரவு அவர் உண்டார்.

பரீட்சையில் தேறினேன். மறு வருஷம் சர்க்கார் ஆபீஸில் வேலை கிடைத்தது. ஜன்னலை ஒட்டிய நாற்காலி. ஒரு கால் சற்றே ஆடும். இன்றும் மாலையில் முழுகிய பின்னரே அடுக்களைக்குள் செல்கிறேன்.

பெற்றதைச் சொல்லிவிட்டு இழந்ததைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. முழங்காலைத் தொட்ட கூந்தல் போயிற்று. அவ்வருஷ நவராத்திரிக்கு எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் எனக்குக் குங்குமம் கொடுக்கவில்லை. விஜயலக்ஷ்மி கேலி செய்வதை நிறுத்திவிட்டாள். ஞானபாய்க்கு எங்கள் தெருவிலிருந்து வந்த தையல் வேலை முழுவதும் நின்றுபோயிற்று. மழைக்கால இருமல் எனக்கு நிலைத்துவிட்டது. மூங்கில் கூடையை மாமியார் யாருக்கோ கொடுத்துவிட்டார். கூந்தலை வெட்டியதற்கு முந்தின மாலைதான் அவர் விரல்கள் என் தலையைக் கடைசியாகத் தொட்டன.